எவர் கிரீன்?

எங்கள் செங்கோட்டை வீட்டில் 'எவர்' என்று பேர் தொடங்கும் சாமான் மூன்று இருந்தன. அடுக்களையில் எவர்சில்வர் தூக்குச்சட்டி, அப்பா தலைமாட்டில் எவரெடி டார்ச், மாமாவின் டேப் ரெக்கார்டர் மேல் 'எவர்கிரீன்' என்று பச்சை மையில் எழுதிய கேசட். எவர் என்றால் யார் என்று தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்த வருஷம் அது. அப்புறம் எனக்கு நிம்மதியே இல்லை. யார் சில்வர்? யார் கிரீன்?

ஆச்சியிடம் கேட்டேன். "எவன் வெள்ளியா இருந்தா ஒனக்கு என்னலே? ரெண்டு சரிகைச் சேலையைப் போட்டு பாத்திரக்காரன்கிட்ட வாங்குனது. கீழ போட்டு நசுக்கிராத" என்றாள்.

கேசட் விஷயம் வேறு. பாட்டுப் பட்டியலை மாமா ஒரு தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு வருவார். பேர் வைப்பது கடைக்காரரின் உரிமை. புதுப் படப் பாட்டு என்றால் 'ஹிட்ஸ்'. ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ், பி. சுசீலா என்று போனால் 'எவர்கிரீன்'. எவர்கிரீன் என்றால் பழசு என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தக் கடைக்காரரைப் பொறுத்தவரை தப்பென்று இன்றும் சொல்ல முடியாது.

பூகோளப் பாடத்தில் அந்த வார்த்தை மறுபடி வந்தது. ஆண்டுக்கு 200 செ.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடங்களில் பசுமை மாறாக் காடுகள். "இதைத்தான் எவர்கிரீன்னு சொல்லுதான். இலையே உதிராது" என்றார் சார். பரீட்சையில் அப்படியே எழுதி மார்க்கும் வாங்கினேன்.

1989 பொங்கல் லீவுக்குப் புனலூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனேன். 1904-ல் திறந்த ரயில் பாதை, அப்போது மீட்டர் கேஜ். பகவதிபுரம் தாண்டினால் குகை. பெட்டிக்குள் கும்மிருட்டு, பிள்ளைகளின் ஊளைச் சத்தம். அந்தப் பக்கம் வெளியே வந்தால் பச்சையின் நிறமே மாறியிருக்கும். எங்கள் பக்கத்து மலை வெளிறிய பச்சை, அங்கங்கே பாறை தெரியும். ஆரியங்காவு பக்கம் கருத்த பச்சை, மண்ணே தெரியாது. ஆஹா, சார் சொன்ன காடு என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் புனலூர் நெருங்க நெருங்க ரப்பர் தோட்டங்கள். தை மாதம் அவை இலை உதிர்க்கிற காலம். மலைச்சரிவு முழுக்கக் குச்சி குச்சியாக நின்றது. யாரோ என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

அத்தை வீட்டு முற்றத்தில் பெரிய பலாமரம். போன மறுநாள் காலை, "அத்தை, இது எவர்கிரீன் மரம். இலையே உதிராது, தெரியுமா?" என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய் வாரியலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். "அப்பிடியா மக்களே? கீழ கெடக்கது எல்லாம் என்னன்னு பெருக்கிப் பாத்துச் சொல்லு."

மஞ்சளும் ஆரஞ்சுமாக, தவிட்டுப் புள்ளியோடு, முற்றம் முழுக்க இலை. கூட்டிக் குவித்தால் என் முழங்கால் உயரம். நிமிர்ந்து பார்த்தேன், மரத்தில் ஒரு இலை குறைந்த மாதிரி தெரியவில்லை.

"ஒங்க வீட்டு வேம்பு மாசி பங்குனியில மொத்தமா மொட்டை போட்டுக்கிடும், பத்து நாள் பெருக்குனா தீந்துது. இது அப்பிடி இல்ல. வருசம் பூரா தெனம் கொஞ்சம் போடும், கொஞ்சம் துளுக்கும்" என்றாள் அத்தை. தாழ்ந்த கிளையில் ஒரு பச்சை இலையைக் கிள்ளினாள். காம்பில் பால் முட்டிக்கொண்டு வந்தது. கீழே கிடந்த ஒன்றை எடுத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். காம்பு நுனி வடுப்போல ஆறிக் காய்ந்திருந்தது, பொட்டுப் பால் இல்லை. மரம் முன்கூட்டியே வாயை அடைத்துவிட்டுத்தான் இலையை விடுகிறது. பழுத்ததில் கிழியாத நாலைந்தைப் பொறுக்கி, கோட்டி, ஈர்க்கு குத்தினாள். காலைக் கஞ்சிக்கு அதுதான் கரண்டி. மேல்பக்கம் வழவழப்பு, உதட்டில் படும் அடிப்பக்கம் சொரசொரப்பு.

ஜனவரி 16. ரேடியோவில் மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மலையாள சினிமா நடிகர் பிரேம் நசீர் மதராஸில் இறந்துபோனார். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்தார். இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டே பேசிய பேச்சில் 'நித்யஹரித நாயகன்' என்று திரும்பத் திரும்ப வந்தது.

"அப்படின்னா என்ன அத்தை?"

"நித்யம்னா எப்பவும். ஹரிதம்னா பச்சை. எப்பவும் பச்சையா இருக்கவரு."

எவர்கிரீன்! மாமா கேசட், பூகோள சார், பலாமரம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன. "எப்பவும் பச்சைன்னா எப்படிச் செத்துப் போவாரு?" என்று கேட்டுவிட்டேன். அத்தை பதில் சொல்லவில்லை. அடிப்பாளோ என்று பயந்து திண்ணைக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் அவர் படம், கறுப்பு வெள்ளையில். நெற்றியில் முடி விழுந்த இளவயசுப் படம். பழைய பேப்பரையெல்லாம் அலமாரியில் விரிக்கும் அத்தை, அதை மட்டும் மடித்துப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாரியலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.