ராம்பார்ட் தெருச் சலவைக்கடை

‘லாடி மிஸ் கிளாடி’ பாட்டு பியானோவில்தான் தொடங்கும். லாயிட் பிரைஸ் வாயைத் திறப்பதற்குள் அந்த உருட்டல் வாசிப்பு ஆளை இழுத்துவிடும். வாசித்தவர் ஃபேட்ஸ் டாமினோ. அவர் அப்போது வேறு இசைத்தட்டுக் கம்பெனிப் பாடகர். தற்செயலாக எட்டிப் பார்த்தவரை, குழுவை நடத்திய டேவ் பார்த்தலமியூ பிடித்து உட்கார வைத்ததாகச் சொல்வார்கள். டாமினோவின் பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, நாலு கட்டை அழுத்தினால் யாரென்று ஊருக்கே தெரியும்.

1952 மார்ச். பிரைஸுக்கு வயது 19, நியூ ஆர்லியன்ஸுக்குப் பக்கத்துக் கென்னர் ஊர்ப் பையன். உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அடிக்கடி உதிர்க்கும் சொல்லைப் பிடித்துப் பாட்டாக்கியிருந்தான். ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 7 வாரம் முதலிடம். அப்புறம் ராணுவம் அழைத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது அவனுடைய பழைய கம்பெனியில் லிட்டில் ரிச்சர்டின் கொடி பறந்தது. அது தனிக்கதை.

எனக்கு ஏக்கம் இந்தப் பாட்டைப் பதிந்த அறைமேல். நியூ ஆர்லியன்ஸில், ராம்பார்ட் தெருவும் டுமைன் தெருவும் கூடும் முனையில், கோசிமோ மட்டாசா நடத்திய இசைத்தட்டுக் கடையின் பின்கட்டு. தனித்தனியாகப் பதிந்து ஒட்டும் வசதி கிடையாது. எல்லோரும் ஒன்றாக வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. சாக்ஸபோன் ஓங்கினால் குமிழைத் திருகுவதைவிட, வாசிப்பவரை இரண்டடி தள்ளி நிறுத்துவதுதான் வழி. பாடகரின் மைக்கில் எர்ல் பாமரின் டிரம்ஸும் கசியும்.

நான் அந்த ஊரில் இருந்த நாளில் அது காசு போட்டுத் துவைக்கும் சலவைக்கடை. வாசற்படியில் மட்டும் ‘ஜே அண்ட் எம் மியூசிக் ஷாப்’ என்று பதித்த பழைய எழுத்துகள், மிதிபட்டு மழுங்கியும் படிக்க முடியும். வீட்டருகே வேறு கடை இருந்தும் அழுக்கு மூட்டையோடு அங்கேதான் போவேன். சோப்பு நெடி, வெந்நீர் ஆவி, தடதடவென்று சுழலும் இயந்திரங்கள். டாமினோவின் பியானோ எந்தச் சுவரோரம் நின்றிருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஓர் இடத்தை முடிவு செய்வேன். அடுத்த தடவை மாற்றிவிடுவேன்.

இந்தப் பாட்டை எல்விஸும் 1956இல் பாடினார். குறை சொல்ல ஒன்றுமில்லை; அந்த அறைதான் இல்லை. ஊரைவிட்டு வந்தபின் பிரைஸின் பதிவைத்தான் கேட்கிறேன், அதுவும் இரைச்சலைக் கணினியில் வழித்தெடுக்காத பதிப்பை. கசிவைத் துடைத்துவிட்டால் நான் தேடுகிற நாலு சுவரும் கூடவே போய்விடுகிறது.