சத்தம் எங்கே நின்றது?

சத்தம் வரவில்லை என்று இளம் இசையமைப்பாளர் பிள்ளைகள் எனக்குப் போன் செய்வது பெரும்பாலும் இரவு பதினோரு மணிக்கு மேல்தான். விடிந்தால் டைரக்டருக்குப் பின்னணி இசை போயாக வேண்டும். "சார், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்குத் தொறந்தா ஸ்ட்ரிங்ஸ் மொத்தமும் ஊமை. எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடட்டுமா சார்?" என்பார்கள். எதையும் அழிக்காதே தம்பி என்பதுதான் என் முதல் வார்த்தை. வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிவு செய்த நூறு ஜிபி சாம்பிள் லைப்ரரியை மறுபடி இறக்கி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த நிதானம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. கோடம்பாக்கம் வட்டாரத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் வயலின் வாசித்த காலத்தில், ரெக்கார்டிஸ்டுக்கு உதவியாளராக இருந்த ஒரு பெரியவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் டேக் போகிற நேரத்தில் செல்லோ மைக் செத்துவிட்டது. கன்சோலில் ஆளாளுக்கு ஒரு குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மட்டும் கூடத்துக்குள் வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார். விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். கேபிளைக் கைக்குள் விட்டு உருவியபடியே சுவர் வரை நடந்தார். அங்கே பிளக்கைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினார். "வந்துடுச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. நாங்கள் வில்லைத் தூக்கிவிட்டோம். அவரோ, "கொஞ்சம் இருங்க" என்று மறுபடி பழைய ஓட்டையிலேயே செருகிப் பார்த்தார். மறுபடி செத்தது. கேபிள் சரி, ஓட்டைதான் கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகே அதன் தலையில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார். சத்தம்தான் வந்துவிட்டதே, எதற்கு இரண்டாவது சோதனை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது அந்த இரண்டாவது சோதனையைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் கேபிள் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் பாதை உண்டு. கீபோர்டில் கட்டையை அமுக்கினால் மிடி செய்தி கியூபேஸ், லாஜிக் போன்ற இசை மென்பொருளுக்குப் போகிறது. அங்கிருந்து பிளக்இன்னுக்கு. பிளக்இன் டிஸ்கிலிருந்து சாம்பிளை எடுத்து மிக்ஸருக்குத் தருகிறது. பிறகு ஆடியோ இன்டர்ஃபேஸ், கடைசியில் ஸ்பீக்கர். ஸ்ட்ரிங்ஸ் ஊமை என்று போன் செய்த ஒரு பையனிடமும் இந்த வரிசையில்தான் கேட்டேன். டிராக்கில் மிடி விளக்கு துள்ளுகிறதா? துள்ளுகிறது. பிளக்இன் திரையில் கட்டை அசைகிறதா? அசைகிறது. அதன் மீட்டர் ஏறுகிறதா? இல்லை. அப்படியானால் இன்டர்ஃபேஸையும் ஸ்பீக்கரையும் தொட வேண்டியதே இல்லை, டிஸ்கிலிருந்து சாம்பிள் வரவில்லை.

மெல்ல விசாரித்தபோது கதை வந்தது. புது எஸ்எஸ்டி வாங்கி லைப்ரரியை அதற்கு மாற்றியிருக்கிறான். பழைய டிஸ்க் விண்டோஸில் இ, புதியது எஃப். லைப்ரரியைத் திறக்கும் பிளக்இன்னான கான்டாக்ட் பழைய இடத்திலேயே போய்த் தேடி, சாம்பிள்களைக் காணோம் என்று ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறது. அவசரத்தில் அதைப் படிக்காமலே மூடிவிட்டான். மறுபடி திறந்து, அந்தப் பெட்டியிலேயே புது ஃபோல்டரைக் காட்டச் சொன்னேன். வயலின்கள் வந்துவிட்டன. ஃபோல்டர் மொத்தத்தையும் புது இடத்தோடு ஒரேயடியாகச் சேவ் செய்யும் வசதி கான்டாக்டின் ஃபைல் மெனுவிலேயே இருக்கிறது. அதைத் தொடுமுன் ஒரு நகல் எடுத்துவைக்கச் சொன்னேன். திரையில் வரும் பெட்டியை முழுசாகப் படியுங்கள் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாதிக் கோளாறுக்கு விடை அதிலேயே எழுதியிருக்கும்.

மற்றவை பழகினால் சட்டென்று பிடிபடும். கால் மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டு லைப்ரரி திடீரென்று வாயடைத்தால், முழு கான்டாக்ட் கேட்கிற லைப்ரரியை இலவசப் பிளேயரில் திறந்திருக்கிறீர்கள். கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் முணுமுணுப்புதான் வருகிறதென்றால் கீபோர்டின் மாட் வீல் கீழே கிடக்கும். இந்த லைப்ரரிகளில் நீண்ட சுரங்களின் அழுத்தத்தைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது. வாசிப்பு முறையை மாற்றக் கையேட்டில் சொன்ன கட்டை, அதாவது கீஸ்விட்ச், வேலை செய்யவில்லையா? நடு ஸ்தாயி சி, அதாவது மிடியில் 60ஆம் எண், கான்டாக்டிலும் கியூபேஸிலும் சி3, எஃப்எல் ஸ்டூடியோவில் அதே கட்டை சி5. இரண்டு ஸ்தாயி தள்ளித் தேடினால் கிடைத்துவிடும்.

கரகரப்பு வேறு வகை. 1998இல் வந்த கிகாசாம்பிளர்தான் ஒவ்வொரு சுரத்தின் தலைப்பகுதியை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்கிலிருந்து இழுக்கும் வழியைப் பரவலாக்கியது. இன்றைய லைப்ரரிகளும் அதே வழிதான். சுற்றுகிற பழைய டிஸ்க் ஈடுகொடுக்காதபோது சுரம் அறுந்துபோகும். ஆடியோ இன்டர்ஃபேஸின் பஃபர் சிறியதாக இருந்தாலும் கரகரக்கும். 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபரை 256 வைத்தால் தாமதம் சுமார் 5 மில்லிநொடி, 1024 வைத்தால் 21. வாசிக்கும்போது சிறிதாகவும் மிக்ஸ் செய்யும்போது பெரிதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். டிஸ்கையும் பஃபரையும் சேர்த்து மாற்றினால், எது காப்பாற்றியது என்று அடுத்த முறை தெரியாமல் போய்விடும்.

எனக்குப் பிடித்த புகார் ஒன்று உண்டு. இன்னொரு பையன் ஃபைலை அனுப்பி, "சார், முதல் வயலின் ஒரு இடத்துல மட்டும் கட் ஆகுது, சாம்பிள் கரப்ட் ஆயிடுச்சு" என்றான். திறந்து பார்த்தேன். மெட்டு அழகாக இறங்கி வந்து எஃப் சுரத்தில் போய் நிற்கிறது. வயலினின் கடைசிக் கம்பி ஜி. மிடியில் அது 55. அதற்குக் கீழே அந்த வாத்தியத்தில் சுரமே கிடையாது. ஒத்திகையில் அந்தத் தாளை வைத்திருந்தால் நாங்களே வில்லை இறக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்திருப்போம். லைப்ரரியும் அதைத்தான் செய்தது. "அந்த நாலு பாரை வயோலாவுக்குக் கொடு தம்பி" என்றேன். மாற்றிக் கேட்டுவிட்டு, "சார், இது முன்னாடி நினைச்சதைவிட நல்லா இருக்கு" என்றான்.

சுரங்களை இழைத்து வாசிக்கும் லெகாட்டோவின் தாமதமும் இப்படித்தான். சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்ட்ரிங்ஸ் என்ற லைப்ரரியில் கட்டையை மெல்ல அமுக்கினால் அடுத்த சுரம் வந்து சேர 333 மில்லிநொடி ஆகிறது, அழுத்தி அடித்தால் 100. பிளக்இன் தூங்குகிறது என்று பிள்ளைகள் திட்டுகிறார்கள். ஒரு விரல் கம்பியின்மேல் நகர்ந்து அடுத்த சுரத்தைத் தொடுகிற அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். அதை வெட்டினால் உயிர் போய்விடும். டிராக் டிலேயில் அந்த அளவுக்கு முன்தள்ளி வைத்தால் தாளத்தில் வந்து உட்காரும்.

இப்படிப் பதிவு செய்தவர்களிலும் வாத்தியக்காரர்கள் உண்டு. வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரியை 2000இல் தொடங்கிய ஹெர்ப் டுக்மாண்டல் ஒரு செல்லோ கலைஞர். பதிவுக்கென்றே அமைதியான ஒரு கூடம் கட்டி, வாத்தியக்காரர்களை உட்காரவைத்து ஒவ்வொரு சுரமாக வாங்கினார்கள். மெல்ல ஒரு தரம், அழுத்தி ஒரு தரம், ஒரே சுரம் அடுத்தடுத்து வரும்போது எந்திரம்போல் கேட்கக் கூடாதென்று அதையே திரும்பத் திரும்ப. வில் பிடித்தவனுக்குத் தெரியும் அந்த உழைப்பு. இந்தச் சாம்பிள்கள் வந்த பிறகு எங்கள் நாற்காலிகள் குறைந்தன. என் நண்பர்கள் பலருக்குக் கால்ஷீட்டே இல்லாமல் போனது. அந்த வலி எனக்குண்டு. இருந்தும் ராத்திரி போனை எடுக்கிறேன் என்றால், அந்த ஃபைலுக்குள் வாசித்திருப்பவர்களும் என்னைப்போல வயலின்காரர்கள், அவர்கள் வாசித்தது சரியாகக் கேட்க வேண்டும் என்பதால்தான்.

கோளாறு தீர்ந்த பிறகு பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். பட்ஜெட் எவ்வளவு சின்னதானாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வயலின்காரரைக் கூப்பிடுங்கள். லைப்ரரியின் முதல் வயலினைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அதன்மேல் அவரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மெட்டு வருகிற மேல் வரி மட்டும் போதும், மற்ற வரிகளை லைப்ரரி பார்த்துக்கொள்ளும்.