அஞ்சே நாளில் போன பரு

கூனிமேட்டுக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்கள். தெற்கே பஸ் ஏறினால் புதுச்சேரி. உப்பளத்தில் வேலை செய்பவரின் காலைப் பார்த்தால் போதும், வேறு அறிமுகம் தேவையில்லை. குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் உப்புத் தண்ணி இறங்கினால் எரியும். கீறல் கொஞ்சம் ஆழமானால் சீழ் வைக்கும்.

டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் மெடிக்கல் ஷாப்புதான் ஆஸ்பத்திரி! "அண்ணா, புண்ணுக்கு ஒரு ட்யூப் குடுங்க." ட்யூப் வருகிறது. பாதி தீர்ந்ததும் ஜன்னல் ஓரத்தில் கிடக்கும். பத்தாவது படிக்கும் பையன் அதையே எடுத்துப் பருவுக்குப் போடுவான். வீட்டுக்கு ஒரு ட்யூப், எல்லாருக்கும் எல்லாத்துக்கும்.

அதிசயம், அஞ்சே நாளில் பருவின் சிவப்பு போய்விடும். முகம் கொஞ்சம் வெளுப்பாகக்கூட ஆகும். இங்கேதான் வம்பு. இப்படிக் கைமாறும் பல ட்யூப்களில் இருப்பது ஆன்டிபயாடிக் மட்டுமல்ல. பூஞ்சைக்கு ஒரு மருந்து, கூடவே ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றையும் கலந்த கூட்டு அது. சிவப்பை அமுக்கியது ஸ்டீராய்டு. நிறுத்தினால் பரு முன்பைவிட மோசமாகத் திரும்பும், பயந்துபோய் மறுபடி தடவுவான். மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், கன்னத்தில் முடி முளைக்கும். வெயிலில் நின்றால் எரியும். உப்பளத்து ஊரில் வெயிலில் நிற்காமல் எங்கே போவது? இந்தியா முழுக்க இப்படிக் கெட்ட முகங்களைப் பார்த்துத் தோல் மருத்துவர்கள் சத்தம் போட்ட பிறகுதான், 2018-ல் ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதியை மாற்றியது. விதி மாறியது, கடைக்காரரைக் கேட்கும் பழக்கம் மாறவில்லை.

சரி, ஸ்டீராய்டு கலக்காத ஆன்டிபயாடிக் என்றால் தைரியமாகத் தடவலாமா? பருவுக்கு டாக்டர்கள் அதிகம் எழுதுவது கிளிண்டாமைசின். அதைத் தனியாகப் போட்டால் கிருமி பழகிக்கொள்ளும், பிறகு மருந்து வேலை செய்யாது. அதனால்தான் பென்சாயில் பெராக்சைடைச் சேர்த்துத் தருகிறார்கள். அதற்குக் கிருமிகள் பழகுவதில்லை. (துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது!) பருவின் தலையில் மட்டும் புள்ளி வைக்காமல், பரு வரும் இடம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் ஆன்டிபயாடிக் களிம்பைத் தொடர்வதில்லை. அஞ்சு நாள் அதிசயத்துக்குப் பழகிய பையனுக்கு எட்டு வாரம் ரொம்ப நீளம்தான்.

அப்பாவின் கால் வேறு கணக்கு. சீழ் இல்லாத வெடிப்புக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம். நல்ல தண்ணியில் கழுவி, ஈரம் ஒற்றி வாஸ்லின் போட்டாலே பாதி சரியாகும். மேலாகச் சீழ் வைத்த சின்னப் புண்ணுக்கு மியூபிரோசின் மாதிரி களிம்பு, பொருக்கை நனைத்து எடுத்துவிட்டு, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தயாரிப்பதுதான் இந்த மியூபிரோசின் என்பது ஒரு வேடிக்கை. நியோமைசின் கலந்த களிம்பு சிலருக்கு அலர்ஜியாகும். புண் ஆறாமல் சுற்றி அரிப்பும் தடிப்பும் கூடினால், இன்னும் கொஞ்சம் தடவுவதற்குப் பதில் நிறுத்த வேண்டும். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை உள்ளவர் காலில் புண் என்றாலோ எந்த ட்யூபையும் நம்பி உட்காரக் கூடாது. அன்றைக்குக் கூலி போனாலும் மரக்காணம் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போயே ஆகவேண்டும்.

அந்த ஜன்னல் ஓரத்து ட்யூபைத் திருப்பிப் பார்த்தால் பெயர் பெரிதாகத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பொடி எழுத்தில், இங்கிலீஷில். பத்தாவது படிக்கும் பையனால் அதை வாசிக்க முடியும். ஸ்டீராய்டுகளின் பெயர் பெரும்பாலும் 'சோன்', 'சால்' என்று முடியும்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால். அப்பாவால் வாசிக்க முடியாது.