வெளிச்சம் தெரியக் கூடாத இடம்

போன மாதம் ஒரு டிசைன் கல்லூரியில் மாணவர்களின் வேலையை மதிப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் ஒரு நாற்காலி சுழன்றுகொண்டிருந்தது. தேக்கின் வரியோட்டம்வரை அச்சு அசல். "பின்காலும் பக்கச் சட்டமும் சேர்ற இடத்துல என்ன பொருத்து?" என்று கேட்டேன். "அதெல்லாம் கார்பென்டர் பாத்துப்பார் மேடம்" என்றான் பையன். பக்கத்து நாற்காலியில் இருந்த நடுவர் ஆமோதித்துத் தலையாட்டினார். பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் தலையாட்டல்தான் இன்னும் ஆறவில்லை.

அந்த ஒரு இடத்துக்காக 26 நாள் உட்கார்ந்தவள் நான்.

1990களின் நடுவில் அகமதாபாத்தில் டிசைன் படித்தேன். காரைக்குடியில் பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவே வளர்ந்தவள், மரம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. முதல் வாரமே அதை இழைத்துத் தள்ளிவிட்டார் பட்டறை மிஸ்த்ரி. நாங்கள் காகா என்போம். சம்பளப் பட்டியலில் அவர் ஆசிரியர் இல்லை, பட்டறை உதவியாளர்.

என் நாற்காலியின் இருக்கை அகலம் முன்னால் 46 செ.மீ., பின்னால் 38, ஆழம் 42. அப்படியென்றால் பக்கச் சட்டம் பின்காலில் ஐந்தரை டிகிரி சாய்ந்து போய்ச் சேரும். பின்காலும் தன் பங்குக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். இரண்டு சாய்வும் ஒரே மூட்டில். சட்டத்தின் நுனியில் துளைக்குள் நுழையும் கழுந்தைச் சாய்த்து வெட்டிவிட்டால் வேலை சுலபம். ஆனால் நார் குறுக்கே அறுபடும். உட்கார்ந்தவர் முன்கால்களைத் தூக்கிப் பின்னால் சாயும்போது மொத்த எடையும் அந்த அறுபட்ட நாரின்மேல்தான் விழும். (தூக்காதே என்று எந்த வீட்டிலும் சொல்லிப் பயனில்லை.) அதனால் கழுந்தை நேராக விட்டு, துளையைச் சாய்க்க வேண்டும். கழுந்தின் அடியில் காலோடு ஒட்டும் தோளை மட்டும் ஐந்தரைக்கு வெட்ட வேண்டும். சொல்ல இரண்டு வரி.

காகா பசை போடாமல் இரண்டையும் சேர்ப்பார். சட்டத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார். கால் கழன்று விழுந்தால் பேச்சே கிடையாது, நகர்ந்துவிடுவார். விழாவிட்டால் ஜன்னலுக்கு நேரே பிடித்துத் தோள் உட்காரும் கோட்டைப் பார்ப்பார். மயிரிழை அளவு தெரிந்தாலும் "அஜ்வாளு" என்பார். குஜராத்தியில் வெளிச்சம். அவர் விமர்சனம் மொத்தமும் அந்த ஒரு சொல்தான்.

முதல் கால் விறகானது. இரண்டாவதும், மூன்றாவதும். நான்காவதை அறுக்கும்போது அழுதுவிட்டேன். காகா டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு என் உளியை எடுத்துத் தன் முன்கை மயிரில் வைத்து ஓட்டினார். ஒரு மயிரும் விழவில்லை. அதற்கப்புறம் நான்கு நாள் சாணைக்கல்லைத் தவிர வேறு எதையும் தொடவிடவில்லை. ஏழாவது காலை ஜன்னல் முன் வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெவிகால் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த பருவத்தில் விளக்கு. "இத்தனை நாள் வெளிச்சத்தை அடைச்சோம். இப்ப விடச் சொல்றாங்களா, பேட்டா?" என்று சிரித்தார் காகா. அரை மில்லிமீட்டர் தேக்கு வெனீர், உள்ளே 60 வாட் குண்டு பல்பு. அந்தப் பல்பு தின்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். இரண்டு மணி நேரத்தில் வெனீர் சுருண்டு தீய்ந்த வாடை வந்தது. காற்றுப் போக மேலே திறந்தால் பல்பின் இழை கண்ணைக் குத்தியது. டென்மார்க்கின் பால் ஹென்னிங்சன் அடுக்கடுக்கான மூடிகள் வைத்து 1920களிலேயே தீர்த்த கண்கூச்சம் அது. எனக்கு ஐந்து விளக்கு எரிந்த பிறகுதான் புரிந்தது. இன்று எல்ஈடி அப்படிச் சுடுவதில்லை. எதைச் சுருட்டி மாட்டினாலும் விளக்கு என்கிறார்கள்.

தச்சரிடம் கற்றது நான் மட்டுமில்லை. மரவேலைக்குப் பேர்போன ஜார்ஜ் நாகஷிமா அமெரிக்காவின் எம்ஐடியில் கட்டடக்கலை படித்தவர். 1930களின் கடைசியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி வேலையைப் பார்த்தவர். 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு (என்ஐடி) வந்து மேசை நாற்காலிகள் வடிவமைத்தவர். அவ்வளவு படித்தவருக்கு மரவேலையின் நுட்பம் பிடிபட்டது, இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா தன் நாட்டு ஜப்பானியர்களை அடைத்துவைத்த ஐடஹோ முகாமில். சொல்லிக்கொடுத்தவர் கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர். அந்தப் பெயராவது எழுத்தில் நிற்கிறது. என் சான்றிதழில் இருக்கும் கையெழுத்துகளில் காகாவுடையது இல்லை.

காகா ஓய்வு பெற்ற இடத்துக்கு இன்னொரு தச்சர் வரவில்லை, கணினி சொன்னபடி மரம் வெட்டும் சிஎன்சி ரூட்டர் வந்தது. எந்திரத்தை நான் வைய மாட்டேன், என் பட்டறையிலும் ஒன்று ஓடுகிறது. ஆனால் சுழலும் பிட் வெட்டும் துளைக்கு மூலை உருண்டுதான் இருக்கும். கழுந்தையும் உருட்ட வேண்டும், இல்லையென்றால் உளியெடுத்து மூலையைச் சதுரமாக்க வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இரண்டையும் செய்யவில்லை. கழுந்தை ஒட்டச் சீவி, மரத்தூளையும் பெவிகாலையும் குழைத்து இடைவெளியில் அப்பினாள். "பாலிஷ் போட்டா தெரியாது மேடம்." தெரியாதுதான். ஒரு மழைக்காலம் போனால் ஆடும்.

ஆடுகிற நாற்காலியை யாரும் டிசைனரிடம் திருப்பிக் கொண்டுவருவதில்லை. தெருமுனைத் தச்சரைக் கூப்பிட்டு ஓர் எல் ஆங்கிள் அடித்துக்கொள்கிறார்கள். அதனால் டிசைனருக்குத் தன் தவறு கடைசிவரை தெரிவதே இல்லை.

அடுத்த முறை நாற்காலி வாங்கப் போனால் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கவிழ்த்து, பின்காலும் சட்டமும் சேரும் கோட்டை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.