அனுப்பியாயிற்று, சேர்ந்ததா?

கடிதம் எழுதுவது ஒரு வேலை. அதை உரியவர் கையில் சேர்ப்பது வேறொரு வேலை. அஞ்சலட்டைக் காலத்தில் இந்த இரண்டாவது வேலையைத் தபால்காரர் பார்த்துக்கொண்டார். முகவரி அரைகுறையாக இருந்தாலும், நாலு பேரிடம் விசாரித்து ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார். இன்றோ இணையதளங்கள் தாமாகவே கடிதம் எழுதி அனுப்புகின்றன. கல்லூரிக்கு விண்ணப்பித்தால் ஒரு மின்னஞ்சல். தேர்வுக் கட்டணம் செலுத்தினால் ஒரு மின்னஞ்சல். கடவுச்சொல் மறந்தால் இன்னொன்று. அந்தக் கடிதங்களை எழுதுவது யார்? அவை சேராவிட்டால் யார் பொறுப்பு? கணிப்பொறித் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவி என்ற முறையில் இதைப் பற்றி என் அன்புத் தங்கையருக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

சர்வர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவர். இணையத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். நம் கண்முன் இருக்கும் படிவம் சாப்பாட்டு மேசை. பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் நிரப்பி 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தியதும், அவை எங்கோ தொலைவில் உள்ள ஒரு கணிப்பொறிக்குப் போகின்றன. அந்தக் கணிப்பொறிக்கும் சர்வர் என்றே பெயர். அதன் சமையலறையில் ஒரு நிரல் காத்திருந்து, நாம் எழுதியதை வாங்கிப் பார்த்து, கணக்கில் பதிந்து, நமக்கு ஒரு மின்னஞ்சலையும் எழுதி அனுப்புகிறது. நம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும் வேலையாதலால் இதைச் 'சர்வர் பக்க நிரல்' என்கிறார்கள்.

இதன் வரலாறு நீண்டதன்று. 1971-இல் அமெரிக்காவின் ரே டாம்லின்சன், ஒரு கணிப்பொறியிலிருந்து வலைப்பின்னல் வழியாக மற்றொன்றுக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே '@' குறியை வைத்தவரும் அவரே. 1982-இல் ஜான் போஸ்டல் என்பவர் மின்னஞ்சல் போக்குவரத்துக்கான விதிகளை எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. எனப்படும் அந்த விதிகளின் வழியில்தான் இன்றும் உலகத்து மின்னஞ்சல் ஓடுகிறது. 1995 ஜூன் மாதத்தில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் பி.எச்.பி. என்ற சர்வர் பக்க மொழியை வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று, நாட்டின் விடுதலை நாளும் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் கூடிய அந்நாளில், வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் 'கணினிப் பயன்பாடுகள்' பாடநூலில் பி.எச்.பி. பாடமாகவே இடம்பெற்றிருக்கிறது.

பி.எச்.பி.யில் கடிதம் அனுப்ப 'மெயில்' என்று ஒரு கட்டளை உண்டு. யாருக்கு, என்ன பொருள், என்ன செய்தி என்று மூன்றைச் சொன்னால் போதும். சர்வரிலேயே இருக்கும் அஞ்சல் நிரல் அதை வாங்கிக்கொண்டு, பெறுபவருடைய அஞ்சல் சர்வரைக் கூப்பிடும். முதலில் 'ஹெலோ' என்று வணக்கம் சொல்லும். பிறகு இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு என்று சொல்லிக் கடிதத்தை ஒப்படைக்கும். ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது என்று பொருள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 'மெயில்' கட்டளை 'சரி' என்று பதில் சொன்னால், அதன் பொருள் கடிதம் சேர்ந்துவிட்டது என்பதன்று. அனுப்புவதற்காக வாங்கிக்கொண்டேன் என்பது மட்டுமே. சிவப்புப் பெட்டியில் போட்டாயிற்று, அவ்வளவுதான். ஆனால் பல இணையதளங்கள் அந்த ஒரு 'சரி'யை நம்பி, 'உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பப்பட்டுள்ளது' என்று திரையில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

அந்த வாசகம் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதை நான் அறிவேன். வன்னியம்பட்டியில் உள்ள என் சித்தி மகள், மதுரையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்ததும், விடுதிக்கு இணையதளம் வழியே விண்ணப்பித்தாள். வீட்டில் யாருக்கும் மின்னஞ்சல் முகவரி இல்லை. பிரௌசிங் சென்டர் அண்ணன் தம் முகவரியையே படிவத்தில் போட்டுக் கொடுத்தார். ஊரில் பலருக்கும் நடப்பது இதுதான். திரையில் 'அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது. அவள் தினமும் போய்க் கேட்டாள். வரவில்லை என்றார் அவர். உண்மையில் கடிதம் மறுநாளே வந்து, ஸ்பாம் என்னும் வேண்டாத கடிதப் பெட்டிக்குள் விழுந்து கிடந்தது. கண்டுபிடித்தபோது பணம் கட்டும் நாள் கடந்துவிட்டது. நூற்பாலையில் வேலை பார்க்கும் சித்தப்பா விடுப்புப் போட்டு நேரில் போய் நின்றும் பயனில்லை. இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. இன்று அவள் விடியற்காலை ஐந்தரை மணிப் பேருந்தில் போய் இரவில் திரும்புகிறாள். சித்தி நாலு மணிக்கு எழுந்து சமைக்கிறார்.

அந்தக் கடிதத்தின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தேன். அனுப்புநர் என்ற இடத்தில் ஓர் இலவச மின்னஞ்சல் முகவரி இருந்தது. ஆனால் கடிதம் புறப்பட்டதோ அந்த முகவரிக்குத் தொடர்பே இல்லாத வேறொரு சர்வரிலிருந்து. பெயர் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. பெற்றுக்கொண்ட சர்வர் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது மிகப் பழைய சிக்கல். நம் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைத்த புனித பவுலடியாரையும் அது விடவில்லை. தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தில், தம் பெயரால் வருவதாகச் சொல்லப்படும் கடிதத்தைக் கண்டு கலங்க வேண்டாமென்று அந்தச் சபையார் எச்சரிக்கப்படுகிறார்கள். திருமுகத்தின் முடிவில், தம் கைப்பட எழுதும் வாழ்த்தையே தம் கடிதங்களுக்கு அடையாளமாக அவர் வைக்கிறார்.

மின்னஞ்சலுக்கும் அப்படியோர் அடையாளம் பின்னாளில் வந்தது. எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கே உரிமை உண்டு என்று பட்டியல் வெளியிடுவது எஸ்.பி.எஃப். இரகசியச் சாவியால் ஒவ்வொரு கடிதத்திலும் முத்திரை இடுவது டி.கே.ஐ.எம். அதனை யாரும் பொதுச் சாவியால் சரிபார்த்துக்கொள்ளலாம். இவ்விரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லி வைப்பது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் கடைப்பிடித்தாக வேண்டும் என்று கூகுள் விதித்தது.

இன்னும் இரண்டு செய்திகள். படிவத்தில் ஒருவர் எழுதியதைச் சோதிக்காமல் கடிதத்தின் தலைப்பகுதியில் சேர்த்தால், தீயவர்கள் அதில் கூடுதல் வரிகளை நுழைத்து, நம் சர்வரைக் கொண்டே ஆயிரக்கணக்கானோருக்குக் குப்பைக் கடிதம் அனுப்பிவிடுவார்கள். ஆகையால் முகவரியை முதலில் சோதிக்க வேண்டும். அடுத்தது நம் மொழி. யூ.டி.எஃப்.-8 முறையில் 'அம்மா' என்ற சொல்லுக்கு 15 பைட்டுகள் வேண்டும். எழுத்து முறை இன்னதென்று கடிதத்திலேயே குறிக்காவிட்டால், தமிழ்ப் பெயர் புரியாத கிறுக்கலாய் மாறிப் போகும் ஆபத்து உண்டு.

இவையெல்லாம் எங்கோ வெளிநாட்டார் செய்யும் வேலை என்று எண்ண வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசிப் பக்கம் போனால் மத்தளம்பாறை என்ற சிற்றூர் வரும். 1996-இல் தொடங்கிய சோகோ நிறுவனம் அங்கே அலுவலகம் வைத்திருக்கிறது. இணையதளங்கள் தானாக அனுப்பும் இத்தகைய கடிதங்களுக்கென்றே ஜெப்டோமெயில் என்ற சேவையையும் அந்நிறுவனம் நடத்துகிறது. சேராமல் திரும்பிய கடிதம் எது என்பதையும் அது அனுப்பியவருக்குத் தெரிவிக்கும்.

தங்கையரே, உங்களுக்கென்று சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடவுச்சொல்லை நீங்களே காத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த பிறகு ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள். பெற்றோரே, படிவ எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்து, இரண்டு நாளில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். நாளை நிரல் எழுதப் போகும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். 'அனுப்பப்பட்டது' என்று திரையில் எழுதுவதற்கு முன் சேர்ந்ததா என்று பாருங்கள். சேராவிட்டால் குறுஞ்செய்தியாவது போகட்டும்.

1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தொலைத்தொடர்புப் பணியாளருக்குப் பாதுகாவலராக வானதூதர் கபிரியேலை அறிவித்தார். பொருத்தமான தேர்வு. நாசரேத்துக்கு வந்த அவர், செய்தியைச் சொன்னதும் பறந்துவிடவில்லை. மரியாவின் ஐயத்தைக் கேட்டார், விளக்கம் சொன்னார், அவருடைய மறுமொழியைப் பெற்ற பின்னரே அகன்றார். செய்தி கொண்டு செல்லும் வேலையில் இருப்போர் அனைவருக்கும் அந்தப் பொறுமையை இறைவன் அருள்வாராக!

— ஒரு முன்னாள் மாணவி