உதவித்தொகையும் கிருபையும்



செப்டம்பர் தொடங்கி டிசம்பர் வரை, அமெரிக்காவின் கல்லூரி நகரங்களில் சனிக்கிழமை என்றால் அது ஃபுட்பால் நாள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் அமரலாம். நாம் ‘கால்பந்து’ என்று சொல்லும் விளையாட்டு அல்ல இது. இரு முனையும் கூர்ந்த தோல்பந்தைக் கைகளில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிரியை மோதி வீழ்த்துவதுமே இந்த ஆட்டம். பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். மூன்றிலும் முடியவில்லை என்றால், பெரும்பாலும் நான்காவதில் ஒருவர் வந்து, பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, அது தரையைத் தொடுமுன் எதிரணியின் எல்லையை நோக்கித் தொலைதூரம் உதைத்து அனுப்புவார். அவருக்குப் ‘பண்டர்’ என்று பெயர். தன் அணி தடைப்பட்டு நிற்கும்போது மாத்திரமே களத்துக்கு அழைக்கப்படுகிற மனிதர் அவர். திருச்சபையிலும் அப்படிப்பட்ட சிலரை நான் அறிவேன். அவர்களைப்பற்றி வேறொரு வாரம் எழுதுகிறேன்.

இந்தப் பண்டர் இடத்துக்கு இன்று அமெரிக்கக் கல்லூரிகள் தேடிப்போவது ஆஸ்திரேலியாவுக்கு. அங்குள்ள பிள்ளைகள் தங்கள் நாட்டு விதிப்படியான ஃபுட்பாலில் சிறுவயது முதலே முட்டை வடிவப் பந்தைக் கையிலிருந்து விட்டு, ஓடியபடியே உதைத்துப் பழகியவர்கள். அமெரிக்கப் பையன் பதினைந்து வயதில் கற்கத் தொடங்கும் வித்தை அவர்களுக்கு ஐந்து வயதில் வந்துவிடுகிறது. ஆஸ்திரேலிய லீகில் ஆடிய நேதன் சாப்மன் என்பவர் 2007-ல் மெல்பர்னில் ‘புரோகிக் ஆஸ்திரேலியா’ என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். கல்லூரி அளவில் தலைசிறந்த பண்டருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் ரே கை விருதை 2013 முதல் 2017 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆஸ்திரேலியர்களே பெற்றார்கள். 2016-ல் பெற்ற மிட்ச் விஷ்னாவ்ஸ்கி, பெர்த் நகரில் கண்ணாடி பொருத்தும் தொழிலாளியாக இருந்தவர். அவர் நேராகப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. கலிபோர்னியாவில் சான்டா பார்பராவிலுள்ள ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து படித்து, அதன்பின்னரே யூட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

இந்த விளையாட்டைப்பற்றி ஒரு போதகர் ஏன் எழுதுகிறார் என்று நீங்கள் எண்ணக்கூடும். நம் சபையிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் தாயார் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். அவருடைய மகன் உயரமானவன், நன்றாக உதைப்பவன், பள்ளியின் கடைசி ஆண்டுகளில் இருப்பவன். அமெரிக்கக் கல்லூரியில் முழு உதவித்தொகை பெறவேண்டும் என்பது அவன் விருப்பம். தாயாரின் கடிதம் இப்படி முடிந்திருந்தது: “ஐயா, இது கர்த்தர் திறந்த வாசல் என்று ஒரு ஊழியர் தீர்க்கதரிசனமாகச் சொல்லிவிட்டார். கிடைத்துவிட்டது என்று உரிமை பாராட்டி ஜெபிக்கச் சொன்னார். நீங்களும் அப்படியே ஜெபியுங்கள்.”

அந்தப் பிள்ளைக்காக நான் ஜெபிக்கிறேன், தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் ‘அப்படியே’ ஜெபிக்க எனக்கு மனம் வரவில்லை. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கோபுரத்தின் உவமையே என் நினைவுக்கு வந்தது. அஸ்திபாரத்துக்கு மண்ணைத் தோண்டுமுன்பே உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிற மனிதனைப்பற்றி அவர் அங்கே பேசுகிறார். அவ்வாறு கணக்குப் பார்ப்பதை அவர் அவிசுவாசம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே அந்தத் தாயாருக்கு நான் எழுதிய பதிலில் பெரும்பகுதி கணக்காகவே இருந்தது.

‘அமெரிக்காவில் ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்’ என்பது ஒரே பொருள் அல்ல. முதல் பிரிவின் உச்சத்தில் இருக்கும் கல்லூரிகள் நீண்டகாலம் ஆளுக்கொன்றாக 85 முழு உதவித்தொகைகளை வழங்கிவந்தன. அதற்கு அடுத்த அடுக்கில் 63 தொகைகளின் மதிப்பைப் பலருக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டாம் பிரிவில் அந்த எண்ணிக்கை 36. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் கிடையாது. 2025-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஓர் உடன்படிக்கையின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு நீங்கி, அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்தது. இத்தனை பேரிலும் ஓர் அணிக்கு எத்தனை பண்டர்கள் தேவை? ஒருவர், மிஞ்சினால் இருவர். வாசல் திறந்திருக்கிறது என்பது மெய்தான். அது எவ்வளவு குறுகலானது என்பதையும் பையனுக்குச் சொல்லவேண்டும்.

படிப்பும் உண்டு. முதல் பிரிவில் ஆட விரும்பும் மாணவன் உயர்நிலைப் பள்ளியில் அங்கீகரிக்கப்பட்ட 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் 4.0 அளவுகோலில் குறைந்தது 2.3 சராசரி மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சான்றிதழ்களை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தகுதி மையம் தனியே ஆராயும். மெல்பர்ன் பள்ளியில் எந்தப் பாடம் அந்தக் கணக்கில் சேரும், எது சேராது என்று முன்னதாகவே விசாரிக்காமல், கடைசி ஆண்டில் தலையில் கைவைத்துக்கொள்வதில் பயனில்லை. கணிதத்தைக் கைவிட்டுவிட்டு உதைப்பயிற்சிக்கு நேரம் ஒதுக்கலாமா என்று அவன் கேட்டானாம். கூடவே கூடாது என்றேன்.

தரகர்களைப்பற்றியும் எழுதினேன். பயிற்சிக்கும் காணொளி தயாரிப்பதற்கும் கட்டணம் வாங்குவது வேறு. உதவித்தொகை கிடைத்தால் அதில் இத்தனை சதவீதம் தரவேண்டும் என்று ஒருவர் ஒப்பந்தம் கேட்டால், அது சங்கத்தின் விதிக்கே முரணானது. பையனின் தகுதியே அதனால் கேள்விக்குள்ளாகும். இன்னொன்று, பலர் அறியாதது: முழு உதவித்தொகையிலும் எல்லாம் வரியற்றதல்ல. கல்விக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் வரி இல்லை. தங்குமிடத்துக்கும் உணவுக்குமான பகுதிக்கு, மாணவர் விசாவில் வரும் வெளிநாட்டவரிடம் பொதுவாக 14 சதவீதம் வரி பிடிக்கப்படும். சில நாடுகளின் வரி உடன்படிக்கை இதை மாற்றக்கூடும். அங்கு போய்ச் சேர்ந்தபின் கையில் ஒரு பில் வந்து நிற்பதைவிட இப்போதே அறிந்திருப்பது நல்லது.

மிக முக்கியமானது உதவித்தொகையின் காலம். 1973 முதல் அது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒன்றாகவே இருந்தது. 2012-ல்தான் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வழங்க மறுபடியும் அனுமதி கிடைத்தது. 2015 முதல் ஐந்து பெரிய லீகுகளின் கல்லூரிகள், ஆட்டத்திறன் குறைந்தது என்ற காரணத்துக்காக உதவித்தொகையை நிறுத்துவதில்லை என்று விதி செய்துகொண்டன. மற்ற கல்லூரிகளில் கையெழுத்திடுமுன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாக வேண்டும். அழைத்த பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார். அவருடைய வாய்மொழியும் அவரோடே போய்விடும்.

இங்கேதான் நான் சொல்ல விரும்பியது இருக்கிறது. ‘உதவித்தொகை’ என்ற சொல்லில் உதவி இருக்கிறது. ஆகையால் நம் மக்கள் அதைக் கிருபை என்று எண்ணிக்கொள்கிறார்கள், சாட்சி சொல்லும்போதும் அப்படியே சொல்லுகிறார்கள். ரோமர் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் ஒரு கோடு கிழிக்கிறார். வேலை செய்தவனுக்குக் கொடுப்பது கடன்பட்ட கூலி, அது ஈவு அல்ல என்று அங்கே வாதாடுகிறார். ஃபுட்பால் உதவித்தொகை அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று விதி சொல்லுகிறது. பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் அந்தக் கணக்கில் சேராது. அதிகாலைப் பயிற்சி உண்டு, எடைப் பயிற்சி உண்டு, எதிரணியின் ஆட்டத்தைத் திரையில் ஆராய்வதுண்டு. இது உழைப்பு. நேர்மையான உழைப்பு, அதற்குரிய நேர்மையான கூலி. அதைப் பெறுகிறவன் தலைநிமிர்ந்து பெறலாம், தேவனுக்கு நன்றியும் சொல்லலாம். அதைக் கிருபை என்று அழைத்தால் வரும் கேடு வேறு. தொடை நரம்பு அறுந்து, இடம் பறிபோன நாளில் அந்தப் பையன், தேவன் தன் கிருபையைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று எண்ணுவான். கூலி நின்றுபோகலாம். நம்முடைய ஆண்டவரின் கிருபை எந்தப் பயிற்சியாளரின் பட்டியலிலும் வைக்கப்படவில்லை.

அயோவா பல்கலைக்கழகத்தில் ஆடிய டோரி டெய்லரை இங்கே சொல்லவேண்டும். மெல்பர்னிலிருந்து போனவர், 2023-ல் ரே கை விருது பெற்று, மறு ஆண்டு சிகாகோ பேர்ஸ் அணிக்குத் தெரிவானார். 2021 ஜூலை முதல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் ஈட்டலாம். மாணவர் விசாவில் இருப்பவருக்கோ வேலைக் கட்டுப்பாடுகள் உண்டு. உடன் ஆடும் பையன் கார் விளம்பரத்தில் வரும்போது இவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். உதைப்பதைப்பற்றிய வேடிக்கை வாசகம் பொறித்த டி-சட்டைகள் அவர் பெயரால் விற்பனைக்கு வந்தன. அந்த வருமானத்தை அவர் எடுத்துக்கொள்ள இயலாதபடியால், குழந்தைகள் இறந்து பிறப்பதைத் தடுக்கப் பாடுபடும் ஓர் அறப்பணிக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர் எந்த விசுவாசத்தோடு அதைச் செய்தார் என்பதை ஆராய்வது என் வேலை அல்ல. கூலியாக வாங்க முடியாதது ஈவாக மாறிய அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

உடலைப்பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரிகள் அனுப்பும் படிவத்தில் முதலில் கேட்பது உயரம், எடை, நாற்பது கெஜ ஓட்டத்துக்கான விநாடிகள். எலியாபின் உயரத்தைக் கண்டவுடனே சாமுவேல் தீர்க்கதரிசியே தைலக்கொம்பை எடுக்க நினைத்தார் என்றால், ஒரு பயிற்சியாளரைக் குறைசொல்ல நமக்கு என்ன இருக்கிறது! அவர் வேலை அது. நைஜீரியாவிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் வட்டெறியும் வீரராகக் கலிபோர்னியாவின் அசூசா பசிபிக் என்னும் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் கிறிஸ்டியன் ஒகோயே. 1984 ஒலிம்பிக்குக்கு அவருடைய நாடு அவரைத் தெரிவு செய்யவில்லை. அதன்பிறகே, இருபது வயதைக் கடந்தபின், அதுவரை ஆடியிராத ஃபுட்பாலைக் கையிலெடுத்தார். 1989-ல் தொழில்முறை லீகில் அனைவரிலும் அதிகமாக 1,480 கெஜம் ஓடியவர் அவரே. 1992 பருவத்தோடு, முழங்கால் உட்பட உடல் காயங்களால் அவருடைய ஆட்டம் முடிந்தது. மூன்று ஆண்டு இடைவெளி, அவ்வளவே.

தலைக்கு ஏற்படும் அடிகளைப்பற்றியும் அந்தத் தாயார் கேட்டிருந்தார். 2017-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி அளவில் ஆடி இறந்த 53 பேரின் மூளைகளில் 48-ல் நாட்பட்ட சிதைவு நோய் காணப்பட்டது. அவை சந்தேகத்தின்பேரில் குடும்பத்தார் தானமாய்க் கொடுத்த மூளைகள். ஆடும் எல்லாரையும் குறித்த விகிதம் அல்ல அது. பண்டருக்கு மோதல் குறைவு என்பதும் ஆறுதலே. ஆயினும் கணக்கில் அதுவும் எழுதப்படவேண்டிய வரி.

இவ்வளவும் எழுதியபின், வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டதாகத் தாயார் வருந்தினார்கள். இல்லை அம்மா, என்றேன். தம்பி போகட்டும். மைதானத்தில் மாத்திரமல்ல, வகுப்பறையிலும் நிற்கக்கூடிய கல்லூரியாகப் பார்க்கட்டும். ஆட்டம் நாளை நின்றாலும் படிக்க விரும்பும் பாடம் அங்கே இருக்கிறதா என்று பார்க்கட்டும். கிடைத்துவிட்டது என்று நாம் அறிக்கையிட வேண்டாம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவன் பிள்ளையாகவே இருக்கிறான் என்று வீட்டில் அவன் காதில் விழும்படி ஜெபியுங்கள். தீர்க்கதரிசனம் சொன்ன ஊழியரைப்பற்றி அவர்கள் மறுபடி எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்ற வாரம் பையனே எனக்கு எழுதினான். தகுதி மையத்தில் பதிவு செய்துவிட்டானாம், கணிதமும் தொடர்கிறதாம். அவனுடைய கேள்வி ஒன்றே: ஆட்டம் சனிக்கிழமை இரவு முடிந்து, வேறு மாநிலத்திலிருந்து விடியற்காலையில் விடுதிக்குத் திரும்பினால், ஞாயிறு காலை ஆராதனைக்கு எப்படிப் போவது? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்று விதி இருக்கிறது. அது ஞாயிறாக இருக்கவேண்டும் என்று இல்லை. மாலை ஆராதனை நடத்தும் சபைகள் கல்லூரி நகரங்களில் உண்டு என்றும், கல்லூரியைத் தெரிவு செய்யும்போது மைதானத்தைப் பார்க்கப் போகிற அன்றே அப்படி ஒரு சபையையும் பார்த்துவிட்டு வா என்றும் பதில் எழுதியிருக்கிறேன்.