ஆக்டிங் டிரைவர்

நாலு மாசமா நான் வேலை தேடிக்கிட்டு இருக்கேன். போன வாரம் ஒரு வேலை என்னைத் தேடிக்கிட்டு வந்துச்சு. லாரி ஓட்ற வேலை. சிரிக்காதீங்க மக்கா, நிஜமாத்தான் சொல்றேன் :-)

முதல்ல முன்கதைச் சுருக்கம். பெங்களூர்ல மென்பொருள் எழுதிக்கிட்டு இருந்தேன். ஒரு திங்கட்கிழமை மீட்டிங்ல எங்க டீமையே கலைச்சாச்சுன்னு சொன்னாங்க. மூணு மாச சம்பளத்தை வாங்கிக்கிட்டு அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்தக் காசு கரைஞ்சாச்சு. வீட்டுக்கடன் மாசம் 18,000 ரூபாய், என் பேர்ல. அப்பா 26 வருஷம் லாரி ஓட்டினவர். முழங்கால் தேஞ்சு போய் இப்ப மாடிப்படி ஏறுறதில்லை.

என்கிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கு. காலேஜ் முடிச்ச வருஷம் அப்பா எடுக்க வெச்சது. "இஞ்சினியர் ஆனாலும் கையில ஒரு தொழில் இருக்கட்டும் கண்ணு"ன்னார். அப்ப எங்களுக்குச் சொந்த வண்டி இருந்துச்சு. லீவுல சங்ககிரிக்கும் சேலத்துக்கும் நடுவுல லோக்கல் லோடு ஓட்டியிருக்கேன். அஞ்சு வருஷம் முடியறப்ப லைசென்சை புதுப்பிக்கச் சொல்லி நச்சரிச்சதும் அவர்தான்.

வேலையைக் கொண்டு வந்தது சங்ககிரி மாமா. சொந்தமெல்லாம் இல்லை, அப்பாவோட பழைய கூட்டாளி. ஆனா பிறந்ததுல இருந்து மாமாதான். அவர்கிட்ட ஒரு பத்து சக்கர டாரஸ் இருக்கு. ரெகுலர் டிரைவருக்கு ஹெர்னியா ஆபரேஷன், ரெண்டு மாசம் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதுவரைக்கும் ஆக்டிங் டிரைவர் வேணும்.

"அவன் வந்ததும் சீட்டு அவனுக்கு. அதுவரைக்கும் நீ ஓட்டு தம்பி. நடைக்கு 13,000, சாப்பாட்டு பேட்டா தனி."

லைன் என்னன்னா, சேலத்துல ஜவ்வரிசி ஏத்தி புனேல இறக்கணும். நாசிக் போய் வெங்காயம் ஏத்திக்கிட்டு திரும்பணும். போக வர சுமாரா 2,500 கிலோமீட்டர், எட்டு நாள். நம்ம ஊர்ல ஜவ்வரிசின்னா பாயசம், வடாம். ஆனா சேலத்து ஜவ்வரிசியைத் தின்னு தீர்க்கறவங்க மகாராஷ்டிராக்காரங்கதான். ஏகாதசி, நவராத்திரின்னு விரதம் வந்தா அங்க ஜவ்வரிசி கிச்சடிதான். 1981-ல ஆரம்பிச்ச சேகோசர்வ் வழியா ஏலம் போய், மூட்டை மூட்டையா வடக்கே போகுது. 2023-ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. அந்த மூட்டையை யாராவது ஓட்டிக்கிட்டுப் போகணும்ல?

எனக்கு முதல்ல வந்த பயம் உடம்பைப் பத்திதான். பத்து வருஷமா நாற்காலியில உட்கார்ந்து வளர்ந்த தொப்பை இது. மாமா, "கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம் வா"ன்னு கூட்டிக்கிட்டுப் போனார். லோடு மேல ஏறி தார்ப்பாய் இழுத்து, கயிறு போட்டு இறுக்கினதுலயே உள்ளங்கை தோல் பிஞ்சுது. தருமபுரி டவுன் நெரிசல்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடது தொடை நடுங்குச்சு. ஒழுங்கா சொன்னா, வலி பழகிடும்னு தோணுச்சு. உடம்பு அவ்வளவு மோசமில்லை.

வரும்போது கிரானைட் லோடு. தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த இடத்தைப் பத்தி சேலத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விட்டு, பிரேக் சூடாகி, பிடிக்காமப் போய், முன்னாடி போற வண்டிகள் மேல விழுந்த கதைங்க எத்தனையோ. 2018-ல சட்டமே பத்து சக்கர வண்டியோட மொத்த எடையை 25 டன்லேர்ந்து 28.5 டன்னா உயர்த்திடுச்சு. அத்தனையும் பின்னாலேர்ந்து தள்ளும்.

"எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே இறங்கு. பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் காது கேக்காதவன் மாதிரி இரு" - மாமா சொன்னது இவ்வளவுதான். இறங்கி முடிச்சப்ப சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு. ஆனா சந்தோஷமா இருந்துச்சுங்க. நாலு மாசத்துல ஒரு வேலையை முழுசா முடிச்ச மாதிரி இருந்தது அன்னிக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் நம்ம புத்தி விடுமா? எக்செல்லைத் திறந்தேன். ஓட்றது, ஏத்தறது, இறக்கறது, காத்திருக்கறது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 14 மணி நேரம். எட்டு நாளைக்கு 112 மணி நேரம். 13,000-ஐ வகுத்தா மணிக்கு 116 ரூபாய். மாசத்துக்கு மூணு நடை, 39,000. கடன் கட்டி, வீட்டுச் செலவுக்கும் மிஞ்சும்.

அப்புறம் ஒரு காரியம் பண்ணினேன். எட்டு நாள்னு இருந்த கட்டத்துல சும்மா ஆறுன்னு மாத்திப் பார்த்தேன். மாசத்துக்கு அஞ்சு நடை. 65,000! பெங்களூர்ல வாங்கின சம்பளத்தோட மோதற தொகை. மனசு குதிச்சுது.

அப்பா பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். எக்செல் தெரியாது, ஆனா எண்ணு தெரியும்.

"எட்டை ஆறாக்கினியே, அந்த ரெண்டு நாளை எங்கேர்ந்து எடுத்த?"

பதில் சொல்ல முடியலை. ரோடு நீளம் குறையாது. இறக்கற இடத்துல க்யூ குறையாது. 2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப வணிகவரி செக்போஸ்ட் போச்சு, அங்க காத்துக்கிடந்த நேரம் மிச்சமாச்சு. அதுவும் ஏற்கனவே எட்டு நாள் கணக்குக்குள்ளதான் இருக்கு. மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. தூக்கம்.

"எல்லாரும் அப்படித்தான் கண்ணு ஆரம்பிப்பாங்க. மாசச் சம்பளம்னா கண்ணு சொருகும்போது வண்டியை ஓரங்கட்டிடுவான். நடைக் கூலின்னா தூங்கற ஒவ்வொரு மணி நேரமும் சொந்தக் காசு. நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு தடவை சித்ரதுர்கா தாண்டி கண்ணு முழிச்சப்ப வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு."

இதை அவர் இதுவரைக்கும் வீட்டுல யாருக்கும் சொன்னதில்லை. அம்மா அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசலை.

ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சேன். 1961-ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாதுன்னு எழுதி வெச்சுது. என் கட்டத்துல நான் சாதாரணமா 14-னு போட்டிருக்கேன்! நேஷனல் பர்மிட் வண்டியில ரெண்டு டிரைவர் இருக்கணும்னு ஒரு விதி இருந்துச்சு. 2018-ல அதையும் எடுத்தாச்சு. புது லாரிகளுக்கு கேபின்ல ஏசி கட்டாயம்னு 2025 அக்டோபர்லேர்ந்து வந்திருக்கு, நல்ல விஷயம். ஆனா வண்டியை நிறுத்திட்டுப் படுக்கற நேரத்துக்கு யார் காசு கொடுப்பாங்க?

நான் பயந்தது என் தொடைக்கும் முதுகுக்கும். பயப்பட வேண்டியது அந்த எக்செல் கட்டத்துக்குன்னு அப்பத்தான் உறைச்சுது. தூக்கம் வந்தா நிறுத்துவேன்னு இப்ப தைரியமா சொல்லலாம். தேதி அஞ்சு, பேங்க்ல பணம் எடுக்கற நாள், நாசிக்ல ஒரு நாள் க்யூவுல போயிருச்சுன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு நான் நிறுத்துவேனா? சத்தியமா தெரியலை.

மறுநாள் மாமாவுக்கு போன் போட்டேன். "வர்றேனுங்க மாமா. ஆனா டபுள் டிரைவரா வர்றேன்."

"13,000-ஐ ரெண்டாப் பிரிச்சா எவன்டா வருவான்?"

அப்பா போனை வாங்கினார். செவ்வாய்ப்பேட்டையில லோடு இல்லாம உட்கார்ந்திருந்த அவரோட இன்னொரு கூட்டாளி பேரைச் சொன்னார். அரை மணி நேரம் பேச்சு. கடைசியில அந்த மாமா 7,000, நான் 6,000. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கை மாத்தணும். எட்டு நாளை ஏழாக்கக் கூடப் பேசக் கூடாது.

மாசம் மூணு நடை, 18,000. வீட்டுக்கடன் கட்ட சரியா இருக்கும். மத்த செலவுக்கு அம்மா சீட்டுப் பணத்தை எடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அவர் வண்டி ஓட்ற நாலு மணி நேரத்துல நான் தூங்கணும்கறது அப்பாவோட கட்டளை. இண்டர்வியூவுக்குப் படிக்கக் கூடாதாம் :-)

ஞாயித்துக்கிழமை லோடு. அப்பா பரண்லேர்ந்து அவரோட பழைய கம்பளியை எடுத்து வெயில்ல காயப் போட்டிருக்கார். போயிட்டு வந்து எழுதறேன்.